பத்தாம் வகுப்புக்கும் விளையாட்டுப் பிரிவேளை உண்டு: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்பார்ந்த பெற்றோர்களுக்கு,

இயேசு கிறிஸ்துவின் இனிய நாமத்தில் தங்கள் யாவருக்கும் என் வாழ்த்துகள்.

காலாண்டுத் தேர்வின் மதிப்பெண் பட்டியலைப் பார்வையிட்டுக் கையொப்பமிட்டு அனுப்பிய பெற்றோருக்கு நன்றி. பத்தாம் வகுப்புப் பெற்றோர் சிலரும் ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் ஓரிருவரும் அந்தப் பட்டியலோடு ஒரு விண்ணப்பத்தையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். தங்கள் பிள்ளையை விளையாட்டு, பாடகர் குழு, இளையோர் செஞ்சிலுவைச் சங்கம் ஆகியவற்றிலிருந்து விடுவித்து, அந்த நேரத்திலும் கணக்கோ அறிவியலோ படிக்க வைக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். தனித்தனியே பதில் எழுதாமல், எல்லாப் பெற்றோரும் அறியும்படி ஒரே கடிதமாக எழுதலாம் என்று தாளாளர் அவர்களும் ஆசிரியர்களும் கருதினார்கள். விண்ணப்பங்களை ஏற்க இயலாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணத்தைத்தான் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் நேரக் கணக்கைப் பார்ப்போம். நம் பள்ளியில் வாரத்துக்கு 40 பிரிவேளைகள். பத்தாம் வகுப்புக்கு அவற்றில் உடற்கல்விக்கு 2, மன்றச் செயல்பாடுகளுக்கு வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளை 1. பாடகர் குழுப் பயிற்சி பகல் உணவு இடைவேளையின் பிற்பாதியில் நடக்கிறது. அதற்காக எந்தப் பாடவேளையும் எடுக்கப்படுவதில்லை. ஆக, பொதுத் தேர்வுக்குரிய ஐந்து பாடங்களுக்குப் போட்டியாக இருப்பவை வாரத்தில் மூன்றே பிரிவேளைகள்தாம். காலாண்டில் 35-க்குக் கீழே நின்றவர்களுக்கு மாலைச் சிறப்பு வகுப்பு இப்போதும் நடந்துகொண்டிருக்கிறது. அதில் குறை இருந்தால் கேளுங்கள், பதில் சொல்ல நான் கடமைப்பட்டவன். ஆனால் காலை ஒன்பது மணி முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, வெயில் சாயும் நேரத்தில் நாற்பது நிமிடம் மைதானத்துக்குப் போவதை நிறுத்தினால் மதிப்பெண் ஏறிவிடும் என்பதற்கு என் அனுபவத்தில் ஆதாரம் எதுவும் இல்லை. விளையாடினால் மதிப்பெண் கூடும் என்றும் நான் வாக்குக் கொடுக்கவில்லை. பள்ளி அணியில் ஆடி 450-க்கு மேல் வாங்கியவர்களும் உண்டு, ஒரு நாளும் பந்தைத் தொடாமல் கணக்கில் தவறியவர்களும் உண்டு.

நம்முடையது சிறிய பள்ளி என்பது இரண்டாவது காரணம். ஆறு முதல் பத்து வரை ஐந்து வகுப்புகள். வகுப்புக்கு ஒரே பிரிவு. நகரத்து மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு மாணவர் விலகினால் அந்த இடத்துக்குப் பத்துப் பேர் காத்திருப்பார்கள். இங்கே ஒருவர் விலகினால் அந்த இடம் காலியாகவே கிடக்கும். இந்த ஆண்டு சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கிடையே நடக்கும் குறுவட்டப் போட்டியில் நடந்ததைப் பலர் அறிந்திருப்பீர்கள். 17 வயதுக்குட்பட்ட பெண்கள் வாலிபால் அணியில் பத்தாம் வகுப்பு மாணவியர் இருவர் முந்தின வாரம் வீட்டாரால் நிறுத்தப்பட்டார்கள். ஆட்டத்துக்கு ஆறு பேர் வேண்டும். கையில் ஐந்து பேர்தான் இருந்தார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு பிள்ளையைச் சேர்க்கலாமென்றால், அவள் ஏற்கெனவே 14 வயதுக்குட்பட்டோர் அணியில் பெயர் கொடுத்திருந்தாள். அந்த ஐவரும் சீருடையோடு வேனில் போய், எதிரணிக்கு ஆட்டமின்றி வெற்றி என்று நடுவர் தாளில் எழுதுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். ஒரு வீட்டின் முடிவு இப்படி மற்ற ஐந்து வீடுகளையும் தொடுகிறது.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியே எழுத வேண்டும். நிறுத்தப்பட்ட இருவர் விஷயத்தில் படிப்பு காரணமாகச் சொல்லப்பட்டாலும், பெரிய பிள்ளையாகிவிட்டாள், இனி மைதானம் எதற்கு என்ற எண்ணமும் பின்னால் இருந்ததை அவர்களின் தாய்மாரோடு பேசியபோது உணர்ந்தேன். அந்த எண்ணத்தை நான் ஏளனம் செய்யவில்லை. ஊர்ப் பேச்சுக்கு அஞ்சுவதன் கனம் எனக்கும் தெரியும். ஆகவே சில ஏற்பாடுகளைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மாணவியர் முழுக்கால் சட்டையும் தளர்ந்த மேற்சட்டையும் அணிந்தே ஆடுகிறார்கள். வெளியூர்ப் போட்டி எதுவானாலும் ஆசிரியை ஒருவர் உடன் செல்வார். மாலைப் பயிற்சி ஐந்து மணிக்கு முடிந்துவிடும். இலவசப் பேருந்து அட்டையில் வரும் பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் ஏறும்வரை உடற்கல்வி ஆசிரியர் நிறுத்தத்தில் நிற்பார். உடல் நோவு உள்ள நாட்களில் எந்த மாணவியும் காரணம் சொல்லாமலே ஓய்வு கேட்கலாம். ஏன் என்று எவரும் கேட்கக் கூடாது என ஆசிரியர் கூட்டத்தில் தீர்மானித்திருக்கிறோம். இவ்வளவுக்கும் பிறகு மறுப்பு இருக்குமானால், நேரில் வந்து சொல்லுங்கள். பிள்ளையின் கையில் துண்டுச் சீட்டு கொடுத்தனுப்பி முடிக்கிற விஷயமாக இதைக் கருத வேண்டாம்.

செஞ்சிலுவைச் சங்கத்தைப் பற்றி ஒரு தகப்பனார், "கட்டுப் போடப் படித்து என்ன ஆகப்போகிறது" என்று எழுதியிருந்தார். நம் ஊர்களில் பனை ஏறுவோரும் உப்பளத்தில் வேலை செய்வோரும் அதிகம். மரத்திலிருந்து விழுவதும் பாம்பு கடிப்பதும் இங்கே பாடப்புத்தகச் செய்திகள் அல்ல. வெள்ளிக்கிழமை வகுப்பில் பிள்ளைகள் கருக்குச் சீவிய பனைமட்டை இரண்டை முன்கையின் இருபுறமும் வைத்து, இடையில் பழந்துணியை மடித்து மெத்தென்று கொடுத்து, எலும்பு முறிந்த இடத்துக்கு மேலும் கீழும் கட்டுகிறார்கள். கட்டிய பின் விரல் நகத்தை அழுத்தி விட்டு, வெளுத்த நகத்தில் சிவப்பு உடனே திரும்புகிறதா என்று பார்க்கிறார்கள். திரும்பாவிட்டால் கட்டு இறுக்கம் என்று அவிழ்த்து மறுபடி கட்ட வேண்டும். பாம்புக்கடிக்குக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கீறி இரத்தம் எடுப்பதும், வாயால் உறிஞ்சுவதும் தவறு. கடிபட்டவரை நடக்க விடாமல், அசையாமல் வைத்து, நச்சு முறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுபோக வேண்டும். இதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று ஒரு நாள் பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள்.

1859-இல் இத்தாலியில் நடந்த சோல்ஃபெரினோ போருக்குப் பின் காயமுற்றுக் கிடந்த வீரர்களுக்கு உதவ, பின்னாளில் செஞ்சிலுவை இயக்கத்துக்கு வித்திட்ட ஹென்றி டூனான்ட் கூட்டியது மருத்துவர் படையை அல்ல. அருகிலிருந்த ஊர் மக்களைத்தான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டி, நம் மாவட்டமே வெள்ளக்காடானபோது, நம் பள்ளிக் கட்டடமும் முகாமாயிற்று. வகுப்பறை வாரியாகக் குடும்பங்களின் பெயர்களை நோட்டில் எழுதி, எந்த முதியவருக்கு எந்த வேளை மாத்திரை என்று அதன் ஓரத்தில் குறித்து வைத்தவர்கள் அப்போதைய ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். எவரும் அவர்களுக்கு அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

பாடகர் குழுவில் ஒரு சிக்கல் எப்போதும் உண்டு. ஒன்பதாம் வகுப்பில் பையன்களுக்கு மகரக்கட்டு உடைந்து, நேற்றுவரை சோப்ரானோ என்ற உச்சக்குரல் பாடியவனுக்கு இன்று வாயைத் திறந்தால் குரல் வழுக்குகிறது, மற்றவர்கள் சிரிக்கிறார்கள், அவனும் படிப்பைக் காரணம் காட்டி ஒதுங்கப் பார்க்கிறான். பாடல் ஆசிரியை அவர்களை வெளியே அனுப்புவதில்லை. சில மாதங்கள் ஆர்மோனியத்தின் பக்கத்தில் நின்று தாளம் போடவும், தாழ்ந்த சுருதியில் முனகவும் வைத்து, குரல் நிலைத்ததும் ஆண்களின் குரல்வகைகளான டெனரிலோ பேஸிலோ சேர்க்கிறார். பத்தாம் வகுப்புப் பையன்கள் விலகினால் நால்வகைக் குரலில் இரண்டு இல்லாமற்போகும். ஞானப்பாட்டைச் சமாளித்துவிடலாம், ஒரே குரலில் பாடிவிடலாம். ஆனால் திருநெல்வேலியில் 1774-இல் பிறந்து தஞ்சையில் வாழ்ந்த கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைத் தாளம் பிசகாமல் பாட, கீழ்க்குரலில் நின்று தாங்குவோர் வேண்டும். இது என் சொந்த ரசனை என்று சிலர் சொல்லக்கூடும்; இருக்கட்டும்.

வழிபாட்டைக் குறித்தும் இரு பெற்றோர் கேட்டிருந்தார்கள். நம் பள்ளி அரசு உதவி பெறும் சிறுபான்மைப் பள்ளி. நம் பிள்ளைகளில் இந்துக்களும் இசுலாமியரும் கிறிஸ்தவர்களும் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 28(3) உறுப்பின்படி, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் படிக்கும் சிறாரை, பெற்றோரின் இசைவின்றிச் சமயப் போதனையில் பங்குபெறவோ வழிபாட்டில் கலந்துகொள்ளவோ கட்டாயப்படுத்தக் கூடாது. சட்டம் சொல்வதற்காக மட்டும் அல்லாமல், இசைவில்லாமல் செய்யும் ஜெபம் ஜெபமே அல்ல என்று நாங்கள் நம்புவதாலும் அதைக் கடைப்பிடிக்கிறோம். காலைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், செய்தி வாசிப்பு, உறுதிமொழி ஆகியவை எல்லோருக்கும் பொது. அதற்கு முன் நடக்கும் ஞானப்பாட்டும் வேத வாசிப்பும் ஜெபமும் இசைவு தந்தவர்களுக்கே. மற்றவர்கள் அந்தப் பத்து நிமிடம் நூலகத்தில் இருக்கலாம். வேதபாட வகுப்பு நடக்கும் நேரத்தில் ஏனையோருக்கு நன்னெறி வகுப்பு உண்டு. அதனால் மதிப்பெண்ணோ மரியாதையோ குறையாது.

பள்ளியில் புத்தகத்துக்கு வெளியே ஏன் இத்தனை என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. மிஷனரியும் தமிழறிஞருமான கால்டுவெல் 1841-இல் திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்கு வந்தார். அவர் துணைவியார் எலைசா, நாகர்கோவிலில் தம் தாயார் மார்த்தா மால்ட் பெண்களுக்குக் கற்பித்த சரிகைப் பின்னலை, அதாவது லேஸ் வேலையை, இடையன்குடிப் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார். எழுத்துக் கூட்டி வாசிப்பது ஒரு பக்கம், கையில் ஒரு தொழில் மறு பக்கம் என்றே இப்பகுதியில் பெண் கல்வி தொடங்கியது. அன்றும் பெற்றோருக்குத் தயக்கம் இருந்திருக்கும். படிக்க அனுப்பினால் நூலைக் கொடுத்துப் பின்னச் சொல்கிறார்களே என்று.

கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியைப் பற்றி மிகச் சுருக்கமாக. அது அரையாண்டுத் தேர்வு முடிந்த மறுநாள் மாலையில்தான் நடக்கும். ஒத்திகைக்காகத் தேர்வு நாட்களில் யாரையும் நிறுத்தி வைக்க மாட்டோம். நாடகத்துக்கு வாடகை உடை எடுக்க வேண்டாம். மேய்ப்பர்களுக்கு வீட்டிலிருக்கும் கம்பளியும் தலைப்பாகையும் போதும். தேவதூதர்களுக்கு வெள்ளை வேட்டியும் தெர்மாகோல் சிறகும் பள்ளியிலேயே இருக்கின்றன. பரிசுப் பரிமாற்றம் ஐம்பது ரூபாய்க்கு மேற்படக் கூடாது என்பதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். சென்ற ஆண்டு சிலர் அதை மீறியதால், குறைவாகக் கொண்டுவந்த பிள்ளைகள் பொட்டலத்தைப் பைக்குள்ளேயே வைத்திருந்ததைக் கண்டோம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான பசுமைப் படை மாணவர்கள் குளத்தங்கரையில் பனைவிதை ஊன்ற இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பினரும் ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு மணி நேரம் வருவார்கள். ஊன்றியதில் ஒரு பங்கு தைக்குள் பனங்கிழங்காகப் பிடுங்கப்பட்டுவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். பிடுங்குவோரில் நம் மாணவர்களும் இருப்பார்கள் என்பதும் தெரியும். கூடுதலாக ஊன்றிக்கொள்கிறோம்.

பெற்றோரின் கவலையை முற்றிலும் ஒதுக்கிவிட்டதாக எண்ண வேண்டாம். சனவரியில் முதல் திருப்புதல் தேர்வு தொடங்கியதும் பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலைப் பயிற்சியும் வெளியூர்ப் போட்டிகளும் நின்றுவிடும். அதன் பிறகும் வாரத்தின் இரண்டு உடற்கல்விப் பிரிவேளைகள் பொதுத் தேர்வுக்கு முந்தின வாரம்வரை கால அட்டவணையில் இருக்கும். அவற்றை வேறு பாடத்துக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். கணக்கு ஆசிரியருக்கும் சேர்த்துத்தான். மருத்துவக் காரணம் உள்ளவர்கள் மருத்துவரின் சான்றோடு வந்தால் உடனே விலக்கு அளிக்கப்படும்.

இக்கடிதத்தோடு இரண்டு படிவங்கள் இணைக்கப்பட்டுள்ளன. வழிபாட்டுக்கும் வேதபாடத்துக்கும் இசைவு தெரிவிக்கும் படிவத்தை ஒவ்வொரு பெற்றோரும், இசைவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிரப்பிக் கையொப்பமிட்டு வகுப்பாசிரியரிடம் அனுப்ப வேண்டும். மற்றது, வெளியூர்ப் போட்டிகளுக்குச் செல்லும் பிள்ளைகளுக்கான ஒப்புதல் படிவம். அதில் தங்கள் கைப்பேசி எண்ணோடு, பிள்ளைக்கு ஒவ்வாத மருந்து ஏதேனும் இருந்தால் அதையும் தவறாமல் எழுதுங்கள். விண்ணப்பம் அனுப்பிய பெற்றோர் வரும் வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்குப் பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்துக்கு வாருங்கள். கடைசிப் பிரிவேளை மன்றச் செயல்பாடு நடக்கும் நேரம் அது, பிள்ளைகள் செய்வதைப் பார்த்துவிட்டே பேசலாம். வேலைக்குச் செல்வதால் அந்த நேரத்துக்கு வர இயலாதவர்கள் சனிக்கிழமை காலை பத்து மணி முதல் என்னை அலுவலகத்தில் சந்திக்கலாம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
தலைமையாசிரியர்