சிறப்புக் கணிதத் திட்டமும் பத்தாம் வகுப்பும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளிகளில் கணிதத்தையும் அறிவியலையும் வலுப்படுத்த 2001-ஆம் ஆண்டில் தொடங்கிய தினலேடி போன்ற சிறப்புத் திட்டங்களை, தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றி வாழும் நம் பெற்றோர் ஆய்வுக்கூடத்தைப் பார்த்து மட்டும் மதிப்பிடுவது பொருந்தாது. பத்தாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் கணிதம் எடுக்கிறார்கள் என்பதையே முதலில் கேட்க வேண்டும். 2006 முதல் அவ்வகுப்பில் கணிதத்துக்குப் பதிலாக எடுக்கக்கூடியதாக உள்ள கணித எழுத்தறிவு என்னும் பாடம் வீட்டுக் கணக்குக்கும் வங்கிக் கணக்குக்கும் உதவும். பொறியியல் படிப்புக்கு உதவாது. தேர்ச்சி விகிதம் குறையுமென அஞ்சி நடுத்தர மாணவரை அதற்குத் தள்ளிவிடும் பள்ளிக்கு எத்தனை கருவிகள் வழங்கினாலும் (அவற்றைப் பூட்டி வைப்பவர்களும் உண்டு) பயன் குறைவே. 1996-ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டப்படி ஆட்சிக்குழுவில் பெற்றோரே பெரும்பான்மையினர் என்பதால், எட்டாம் வகுப்பிலேயே கூடுதல் கணித வகுப்புகள் தொடங்குமாறு அவர்கள் அங்கே வற்புறுத்தலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வர்த்