குதிரைப் பாதையோரக் காற்றாலைகள்

அன்புத் தோழிக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஸ்காட்லாந்துக்குக் குடிபோனதும் சவாரியை விட்டுவிடுவாயோ என்று கவலைப்பட்டேன். வைட்லீ காற்றாலைகளுக்கு நடுவிலேயே போய்வருகிறாய் என்று படித்ததில் மனம் நிறைந்தது. 215 காற்றாலைகள், 130 கிலோமீட்டர் சரளைப் பாதை, அங்கெல்லாம் குதிரையும் போகலாம்! "இங்கிலாந்தில் சவாரி செய்யும் நீங்கள் ஏன் பாதையோரக் காற்றாலைகளுக்கு எதிர்ப்புத் தெரிவிக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறாய். காற்றாலையே கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதனடியில் குதிரைகள் நிம்மதியாக மேய்வதை நானும் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் வட இங்கிலாந்தின் பென்னைன் மலையில் ஒரு பாதையில் போய்க்கொண்டிருந்தேன். குளிர்கால வெயில் மதியத்திலும் தாழ்ந்தே கிடக்கும், உனக்குத் தெரியும். அசையாமல் நின்ற காற்றாலை, நாங்கள் நெருங்கிய நேரத்தில் சுழலத் தொடங்கியது. என் குதிரை இறக்கைகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பாதையின் குறுக்கே விழுந்து ஓடிய நிழலைத்தான் பார்த்தது. காது விறைத்தது, மூக்கு விடைத்தது, நான்கு காலையும் ஊன்றி ஒரு கணம் நின்றது. அடுத்த கணம் பக்கவாட்டில் தாவிவிட்டது. அந்தப் பக்கம் சதுப்பு. கடிவாளத்தை இழுத்துப் பிடிக்காமல் பேசிப் பேசியே மீட்டுக்கொண்டு வந்தேன்.

உன் ஊரில் இப்படி நேர்ந்தால் விலகிச் சுற்றிப் போகலாம். 2003ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம் உங்களுக்கு அந்த உரிமையைத் தந்திருக்கிறது. இங்கிலாந்தில் அது கிடையாது. பொதுப்பாதைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் குதிரைக்கு உரியது. அதைவிட்டு இறங்கினால் அடுத்தவர் நிலம். அந்தக் கோட்டின் அருகே காற்றாலை வந்தால், பயந்த குதிரைக்கும் பழகாத சிறுவர்களுக்கும் பாதை அடைபட்டதாகவே பொருள்.

குதிரைப் பாதைகளுக்காகப் போராடிய மேரி டவுன்லி 1986இல் நார்தம்பர்லாந்திலிருந்து டெர்பிஷயர் வரை குதிரையில் வந்து, பாதைகள் கிடந்த நிலையை ஊருக்குக் காட்டினார். அவர் பெயரிலான 47 மைல் சுற்றுப்பாதை 2002இல் திறந்தபோது அவர் உயிரோடு இல்லை. அப்படிப் பாடுபட்டுக் கிடைத்த பாதைகள் ஓடுவதும் காற்று நன்றாக வீசும் இதே மலைகளில்தான்.

குதிரைகளுக்கும் சவாரி செய்வோருக்குமான தொண்டு அமைப்பான பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டி கேட்பது அதிகமில்லை: பாதைக்கும் காற்றாலைக்கும் நடுவே காற்றாலை உயரத்தைப்போல் மூன்று மடங்கு இடைவெளி, குறைந்தது 200 மீட்டர், தேசியப் பாதைகளுக்கு நான்கு மடங்கு. ஆனால் இது பரிந்துரை, சட்டமில்லை. இங்கே ஸ்கவுட் மூர் மலையில் 2008இல் வந்த காற்றாலைகள் 100 மீட்டர் உயரம். இப்போதைய காற்றாலைகள் 150 மீட்டரைச் சாதாரணமாகத் தாண்டுகின்றன. இடைவெளியும் அதற்கேற்ப வளர வேண்டாமா? இங்கிலாந்தில் நிலத்தில் புதிய காற்றாலை அமைக்க இருந்த தடையை 2024 ஜூலையில் அரசு நீக்கியபின் புதிய திட்டங்கள் வந்துகொண்டிருக்கின்றன. வரைபடத்தில் இருக்கும்போது ஒரு காற்றாலையைத் தள்ளிவைப்பது எளிது. கான்கிரீட் போட்டபின் யாரிடம் போய்க் கேட்பது?

லாரிக்குப் போட்ட பாதைகளை வைட்லீயில் சவாரிக்கும் திறந்துவிட்டது நல்ல முன்மாதிரி. அங்கே குதிரைக்கு வாயிற்கதவுகள் எப்படி இருக்கின்றன, பழுதுபார்க்கும் நாட்களில் முன்கூட்டியே சொல்கிறார்களா என்று விவரமாக எழுது. இங்கே நகராட்சிக்குத் தரவிருக்கும் மனுவில் சேர்க்க வேண்டும்; இம்மாதக் கடைசிக்குள் கிடைத்தால் நல்லது.

அன்புடன்,
உன் பழைய தோழி