முருங்கையில் ஆண் மரம் உண்டா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், பூத்தும் காய்க்காத முருங்கையைப் பற்றிக் கேட்டவருக்கு 'அது ஆண் மரமாக இருக்கும், வெட்டிவிட்டு வேறு நடுங்கள்' என்று பதில் வந்திருக்கிறது. ஊரில் பலரும் சொல்வதுதான். ஆனால் விவசாயப் பத்திரிகையில் அச்சானால் அதை நம்பி அரிவாளை எடுத்துவிடுவார்கள்.

முருங்கையில் ஆண் மரம் கிடையாது. எல்லாப் பூவும் இருபால் பூ. ஒன்றைப் பிரித்துப் பார்த்தாலே தெரியும்: நடுவில் சூலகம், சுற்றிலும் மகரந்தப்பை உள்ள ஐந்து தாள்கள், இடையிடையே பை இல்லாத மலட்டுத் தாள்கள்.

ஆண் மரம் உண்மையில் இருப்பது பப்பாளியில். வேடிக்கை என்னவென்றால், தாவரவியலில் முருங்கைக் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவே பப்பாளிக் குடும்பம்தான். இரண்டும் கடுகு வரிசையைச் சேர்ந்தவை. பப்பாளி விதையையும் முருங்கை வேரையும் கடித்தால் வரும் காரம் அந்த உறவில் வந்தது. மகரந்தத் தூளை நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டிலும் மூன்று பள்ளக்கோடுகள், ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. இந்த அமைப்பு வேறு பல குடும்பங்களிலும் உண்டு, அதனால் இதை மட்டும் உறவுக்குச் சாட்சியாக்க முடியாது. மகரந்தப்பை வேறு மாதிரி. பப்பாளியில் வழக்கம்போல இரண்டு மடல். முருங்கையில் ஒரே மடல்.

பூவின் பால் விஷயத்தில்தான் இரண்டும் அடியோடு பிரிகின்றன. கோ 2 போன்ற பப்பாளி ரகங்களில் ஆண், பெண் தனித்தனி மரம். நீளமாகத் தொங்கும் கொத்தில் சிறு குழாய்ப் பூக்கள் வந்தால் ஆண். தண்டை ஒட்டிப் பெரிய பூ வந்தால் பெண். அங்கேகூட எல்லா ஆணையும் வெட்டக் கூடாது, 15-20 பெண் மரத்துக்கு ஓர் ஆண் வேண்டும். கோ 7-இல் கதை வேறு: பெண் மரமும் இருபால் மரமும்தான் வரும், ஆண் மரம் வராது.

சரி, முருங்கை ஏன் காய்க்கவில்லை? பூக்கும் நேரத்தில் மழை பெய்திருக்கலாம், தண்ணீர் அதிகமாகியிருக்கலாம், நிழல் விழலாம், யூரியா கூடிப்போய் இலையாகத் தழைத்திருக்கலாம். மகரந்தம் சேர்க்கும் கருவண்டுகள் வருகின்றனவா என்றும் காலையில் பார்க்க வேண்டும். வெட்டுவதற்கு முன் இவற்றைக் கவனிக்கச் சொல்லி அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். கேள்வி கேட்டவருக்கு அதற்கு முன்பே ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வாசகர், ஒட்டன்சத்திரம்