கறுத்ததெல்லாம் சொத்தை இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரப் பல் நலக் கட்டுரையில் சொத்தையை அடைப்பது வரை விளக்கமாகச் சொல்லியிருந்தீர்கள். அடைத்த பிறகு அந்த அடைப்பு என்ன ஆகிறது என்று ஒரு வரி கூட இல்லை. எங்கள் வயதுக்காரர்களுக்கு இப்போது அதுதான் கவலை.

எனக்குக் கீழ்க் கடைவாயில் இரண்டு அடைப்புகள். ஒன்று 1996-ல் வைத்த வெள்ளி அடைப்பு. ஓரமெல்லாம் கறுத்து, நாக்கு நுனி பட்டால் சின்னப் படி போலத் தட்டும். பக்கத்துப் பல்லில் இருப்பது எட்டு வருடத்துக்கு முன் வைத்த பல் நிற அடைப்பு. அடைத்த பல் என்றே தெரியாது. போன வருடம் ஒரு கிளினிக்கில் டார்ச் அடித்துப் பார்த்ததுமே, வெள்ளியைத் தோண்டி எடுத்து ரூட் கேனல் செய்து கேப் போட வேண்டும் என்றார்கள். எக்ஸ்ரே கூட எடுக்கவில்லை. மனசு ஒப்பாமல் வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் கடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். கறுத்த அடைப்பைச் சுற்றிப் பல் கெட்டியாக இருந்தது. அழகாக இருந்த அடைப்புக்குக் கீழேதான், இரண்டு பல்லும் ஒட்டுகிற இடத்தில், ஈறுக்குப் பக்கத்தில் சொத்தையின் நிழல் விழுந்திருந்தது. துளி வலி இல்லை. சில மாதமாக அந்த இடுக்கில் கீரை நார் மாட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

காரணத்தையும் அவரே சொன்னார். வெள்ளி அடைப்பில் பாதி பாதரசம். மீதி வெள்ளி, வெள்ளீயம், செம்பு. நாளாக நாளாக அதன் ஓரம் சிதையும். ஆனால் அது அரித்து உண்டாகும் கசடே இடுக்கை ஓரளவு அடைத்துவிடும். பல் நிறப் பசைக்கு அந்த வசதி கிடையாது. ஒளி பட்டு இறுகும்போது இரண்டு மூன்று சதவீதம் சுருங்கும். வைக்கிற நேரத்தில் எச்சில் பட்டுவிட்டால் பிடிப்பும் போய்விடும். அந்த மயிரிழை இடைவெளி கிருமிக்குப் போதும்.

ஓரம் மட்டும் பழுதென்றால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டுப் புதுப் பசை வைத்து ஒட்டலாம். உலகப் பல் மருத்துவக் கூட்டமைப்பே 2019-ல் இந்த முறையை வலியுறுத்தியிருக்கிறது. முழு அடைப்பையும் மாற்றும் ஒவ்வொரு தடவையும் நல்ல பல்லும் கொஞ்சம் சேர்ந்து போகிறது. குழி பெரிதாகி, சுவர் மெலிந்து, கடைசியில் நரம்பைத் தொடுகிறது. அடியில் சொத்தை பரவியிருந்தாலோ, அடைப்பு ஆடினாலோ, பெரிதாக உடைந்தாலோ மாற்றித்தான் ஆகவேண்டும். கடிக்கும்போது சுரீர் என்றால் பல்லே விரிசல் விட்டிருக்கலாம், தள்ளிப்போடக் கூடாது.

பாதரசத்துக்குப் பயந்து நன்றாக இருக்கும் வெள்ளி அடைப்பை எடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் இதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது உண்மை. அது புதிதாக வைப்பதைப் பற்றியது. பழையதைத் தேவையில்லாமல் எடுக்க வேண்டாம், குடையும்போது பாதரச ஆவி கூடுதலாகக் கிளம்புகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் சொல்லியிருக்கிறது.

என் வெள்ளி அடைப்பின் ஓரத்தை மட்டும் தேய்த்து வழவழப்பாக்கினார்கள்; ஐந்து நிமிட வேலை. மற்றதை முழுசாக மாற்றினார்கள். அடுத்த கட்டுரையில் அப்படிப்பட்ட எக்ஸ்ரே படம் ஒன்றைப் போடுங்கள் ஐயா. நிழல் எப்படி இருக்கும் என்று வாசகர்கள் ஒரு தடவை பார்த்து வைத்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்.