குணாவுக்கு, கடலைப் பற்றி

திருக்கோவில்,
ஆவணி, ஞாயிற்றுக்கிழமை இரவு

அன்பின் மச்சான் குணா,

இங்கே எல்லோரும் சுகம். மச்சாளின் கால்நோவு குறைந்ததா? அம்மாவுக்குக் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. கட்டு அவிழ்த்ததும் என் முகத்தைப் பார்த்து, "ஏன்டா இப்படிக் கறுத்துப் போனாய்?" என்றுதான் முதலில் கேட்டா. உன் வளவில் இரண்டு தென்னைக்கு வண்டு விழுந்திருந்தது, மருந்து வைத்திருக்கிறேன். செல்லத்தம்பியர் அதே கதிரையில் இருந்துகொண்டு சைக்கிள் எப்போது வரும் என்று கேட்கிறார். நீயே அவருக்குப் பதில் எழுது.

உன் கடிதம் வந்து ஐந்து மாதம் ஆகிறது. வேலை கூட என்று சொன்னால் பொய். உன்னிடம் ஒன்றைச் சொல்ல இருந்தது. அதை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எழுத எனக்கு ஏலவில்லை. அம்மா கேட்ட கேள்விக்கும் பதில் அதுதான்.

நான் கடலில் இறங்கிவிட்டேன் மச்சான்.

சுனாமி வந்து அடுத்த மாதம், 2005 தையில், முகாமாக இருந்த பள்ளிக்கூட விறாந்தையில் இருந்து நாம் இரண்டு பேரும் சொன்னதை நான் மறக்கவில்லை. இனி இந்தத் தண்ணியில் கால் நனைப்பதில்லை என்றோம். நீ கடல் கண்ணில் படாத ஊராகப் பார்த்து பண்டாரவளைக்குப் போனாய். நான் கடற்கரையிலேயே இருந்துகொண்டு அந்தச் சொல்லைக் காத்தேன். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு ஊரே கடலில் இறங்கும், நான் கோயில் வீதியோடு நின்றுவிடுவேன். இருபது வருசம் அப்படித்தான் போனது. இப்போது உல்லையில், அதுதான் அறுகம்பையில், அலையில் ஓடுகிற சர்ஃபிங் பலகையோடு என்னைக் கண்டவர்கள் பலர். வேறு யாரும் உனக்குச் சொல்வதற்கு முன் நானே சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

மூத்தவளால் தொடங்கியது. 2018 இல் அறுகம்பையில் பெண்களுக்கென்றே ஒரு சர்ஃபிங் கழகம் தொடங்கினார்கள். நம் பக்கத்துப் பெண் பிள்ளைகள் அலையில் எழும்பி நிற்பதைப் பார்த்ததில் இருந்து இவளுக்கும் அதே ஆசை. சோதனை முடிந்த கையோடு பிடிவாதம் பிடித்தாள். மூன்று கிழமை மறுத்தேன். கடைசியில் அவளின் தாய் தலையிட்டு என் வாயை அடைத்துவிட்டா. பிறகு சனி ஞாயிறு தோறும் விடியற்காலை மோட்டர்சைக்கிளில் கோமாரி தாண்டி அவளைக் கூட்டிப்போய், அவளின் செருப்பைக் கையில் பிடித்தபடி கரையில் நிற்பேன். அவள் தலை தண்ணிக்குள் மறையும் ஒவ்வொரு முறையும் எனக்கு மூச்சு நின்று வந்தது.

அவளுக்குப் பழக்குகிறவன் உல்லைப் பொடியன், ரிஸ்வான். அவனுடைய வாப்பாவும் அந்த நாளில் போனவர்தான், இவன் அப்போது கைக்குழந்தை. ஒருநாள் என் பக்கத்தில் வந்து நின்று, "சேர், கரையில நிண்டு பார்த்தா கடல் எப்பவும் நம்மள நோக்கி வாற மாதிரித்தான் இருக்கும். ஒருக்கா உள்ளுக்க இருந்து கரையைப் பாருங்க" என்றான். அவன் சொன்னபடியால் இறங்கினேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் இறங்கியிருக்க மாட்டேன்.

முதல் கிழமைகள் புதிதாய்ப் பழகுகிறவர்கள் இறங்கும் பேபி பொயின்றில், இடுப்பளவு தண்ணியில். நீளமான மெத்துப் பலகை, காலில் கட்டிய கயிறு. படுத்துக்கொண்டு கையால் வலிக்க வேண்டும், தோணி வலிப்பதுபோல. தோள் இரண்டும் இரவெல்லாம் கொதிக்கும். அது பெரிதில்லை.

நான் உனக்குச் சொல்ல வந்தது நாலாவது கிழமை நடந்தது. ஒரு அலை என்னைப் பலகையோடு தூக்கிப் போட்டுச் சுருட்டியது. மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. காதுக்குள் அந்த இரைச்சல். அது உனக்கும் தெரியும். நான் அடித்துக்கொண்டேன். அப்போது, குணா, எனக்குள் கேட்டது அந்த நாளின் சத்தம் இல்லை. உன் சுமதியக்காவின் குரல். களப்பில் நமக்கு நீச்சல் பழக்கும்போது வயிற்றின் கீழே கையை வைத்துச் சொல்லுவாவே, "அடிக்காதடா, சும்மா கிட, தண்ணி தூக்கும்" என்று. அந்தச் சொல் அப்படியே வந்தது. கையை விட்டேன். தண்ணி தூக்கியது. மொத்தம் ஐந்தாறு செக்கன்தான் இருக்கும். கரையேறி மணலில் குந்தியிருந்து அழுதேன். மகள் பயந்துபோனாள்.

இருபது வருசமாக அக்காவை நினைத்தால் அந்தக் கடைசிக் காலைதான் வரும். அதற்கு முன்னால் இருந்த அக்கா எங்கேயோ போய்விட்டா என்று நினைத்திருந்தேன். அன்றைக்குத் திரும்பி வந்தா. இதை உன்னிடம் சொல்லாமல் எப்படி இருப்பேன்?

இப்போது காலை ஐந்தே முக்காலுக்கெல்லாம் தண்ணிக்குள் இருப்பேன். பள்ளிவாசல் பாங்கு முடிந்திருக்கும், கிழக்கே வெளிறிக்கொண்டு வரும். இதை அலையில் ஓடுகிற விளையாட்டு என்று நீ நினைப்பாய், நானும் அப்படித்தான் நினைத்தேன். கணக்கு வாத்தி என்றபடியால் எண்ணிப் பார்த்தேன். ஒரு மணித்தியாலம் கடலில் இருந்தால் அலைமேல் நிற்பது இரண்டு மூன்று நிமிசம். மற்றதெல்லாம் வலிப்பதும், பலகையில் குந்திக் காத்திருப்பதும். அந்தக் காத்திருப்புக்காகத்தான் நான் போகிறேன்.

காத்திருக்கும்போது தொடுவானத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். அங்கே ஒரு கறுப்புக் கோடு தடிக்கும். நாலைந்து அலை கூட்டாக வரும், பிறகு சும்மா கிடக்கும். எது உடையும், எங்கே உடையும் என்று பார்க்கிற கண்ணுக்கு வேறு ஒன்றும் தெரியாது. சம்பளப் பட்டியல், கடன், இரவு மூன்று மணிக்கு எழுப்பிவிடுகிற அந்த யோசனை எல்லாம் கரையில் செருப்போடு கிடக்கும். கோயிலில் கண்ணை மூடி நின்றும் எனக்கு இது கிடைத்ததில்லை. இங்கே கண்ணைத் திறந்தபடி இருக்கிறேன். ஒருநாள் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு ஆமை தலையைத் தூக்கி மூச்சுவிட்டுப் போனது. அந்த மூச்சுச் சத்தம் இரண்டு நாள் என்னோடு இருந்தது.

அந்த அலைகள் நம் கடலில் பிறந்தவை அல்ல. தெற்கே, அந்தாட்டிக்காவுக்கு மேலே உள்ள கடலில் புயல் அடித்து, அந்த அசைவு பல நாள் ஓடி, ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தாண்டி வருகிறது. வைகாசியில் இருந்து ஐப்பசி வரை இதுதான். தண்ணி வருவதில்லை மச்சான், அசைவு மட்டும்தான் வருகிறது. பலகையில் குந்தியிருந்தால் அலை உன்னைத் தூக்கி இறக்கி அதே இடத்தில் விட்டுவிட்டுப் போகும். தன் உயரத்தைப்போல ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும்தான் அது உடைகிறது. அன்றைக்கு வந்த சுனாமி வேறு. அது அடியில் இருந்து மேல்வரை முழுக் கடலும் சேர்ந்து நகர்ந்தது, ஒரு அலை வந்து போகவே பல நிமிசம் எடுத்தது. இதை வகுப்பில் படிப்பித்தவன் நான். ஆனால் தண்ணியில் குந்தியிருந்துதான் என் உடம்பு அதை நம்பியது.

கச்சான் காற்றைச் சின்ன வயதில் எவ்வளவு திட்டியிருப்போம்! உதடு வெடிக்கும், மண் கண்ணுக்குள் விழும். அந்தக் கச்சான்தான் கரையில் இருந்து கடலை நோக்கி வீசி, அலையின் முகத்தை உடையவிடாமல் தாங்கிப் பிடிக்கிறது. இப்போது இரவில் கச்சான் கூரையில் உரசினால் எனக்குச் சந்தோசமாக இருக்கிறது.

ஒரு கவலையும் உண்டு. ஆவணியில், நன்றாய்ப் பழகியவர்கள் இறங்கும் மெயின் பொயின்றில் ஆளுக்கு மேல் ஆள். அலை உடையும் இடத்துக்குக் கிட்ட இருப்பவனுக்குத்தான் அந்த அலை என்பது முறை, அதை மதிக்காமல் குறுக்கே விழுகிறார்கள். கரையில் போத்தலும் பொலித்தீனும். போன சனிக்கிழமை நானும் மகளும் இரண்டு உரப்பை நிறையப் பொறுக்கினோம். தோணிக்காரர் வலை காயவைக்கிற இடமும் வருசா வருசம் சுருங்குகிறது. அவர்கள் இல்லாத உல்லையை நான் பார்க்க விரும்பவில்லை. இதைப் பற்றித் தனியாக எழுதுவேன்.

இந்த ஆடி அமாவாசைக்குத் தீர்த்தமாடினேன். அப்பாவுக்கு மூன்று முழுக்கு, அக்காவுக்கு மூன்று. உன் பெயரையும் சொல்லித்தான் முழுகினேன். கோபிக்காதே. கோபம் என்றால் எழுது, திட்டி எழுது, வாசிக்கிறேன்.

உன்னைக் கடலில் இறங்கச் சொல்லி நான் கேட்கவில்லை. மார்கழி 26 க்கு மட்டும் ஒருமுறை வா. அப்போது வாடை தொடங்கி, மழையும் இருட்டுமாக, கடல் கலங்கிக் கிடக்கும், பலகையை நானும் எடுக்க மாட்டேன். மொனறாகலைக்கு வந்து பொத்துவில் பஸ் பிடி, நான் மோட்டர்சைக்கிளோடு நிற்பேன். கோயில் வீதிக்குக் கிட்ட அந்தப் பூவரசு இன்னும் நிற்கிறது. அதற்குக் கீழே உன்னோடு இருப்பேன், நீ எவ்வளவு தூரத்தில் இருந்து பார்க்க விரும்புகிறாயோ அவ்வளவு தூரத்தில்.

வருகிறாயா என்று எழுது. செல்லத்தம்பியரின் சைக்கிள் பற்றியும் ஒரு வரி.

உன்,
ரவி