பீங்கான் சில்லுப் பாதை

அன்புள்ள செல்விக்கு,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று நீ எழுதியிருந்ததைப் படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல்.

போன சனிக்கிழமை பெல்லாவுக்குப் போய் வந்தோம். இங்கே அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டுலிப் பூக்களுக்கும் காற்றாலைக்கும் பேர்போன ஊர். எனக்கு மனசில் நின்றது அவை இல்லை.

1847-இல் ஹென்ட்ரிக் ஸ்கோல்ட்டே என்ற பாதிரியாரின் தலைமையில் ஏறக்குறைய 800 டச்சுக்காரர்கள் அங்கே குடியேறினார்கள். அரசுத் திருச்சபையை விட்டு விலகித் தனியாகக் கூடி வழிபட்டதற்காகச் சொந்த நாட்டில் அபராதம், சிறை என்று பட்டவர்கள். போதாததற்கு 1845-இல் உருளைக்கிழங்கில் நோய் விழுந்து, ஏழைகளின் சாப்பாட்டிலேயே கை வைத்தது. கப்பலில் பால்டிமோர், அப்புறம் செயின்ட் லூயிஸ், அங்கிருந்து நீராவிப் படகு, கடைசியில் வண்டி. வழியிலேயே சிலர் இறந்துபோனார்கள். எருசலேமிலிருந்து தப்பிய ஆதிக் கிறிஸ்தவர்கள் தஞ்சம் புகுந்த ஊரின் பெயரைத்தான் புது ஊருக்கு வைத்தார்கள்.

வந்து இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. குளிர்காலத்துக்குள் எல்லோருக்கும் வீடு கட்ட முடியவில்லை. பலர் தரையைத் தோண்டி, புல்லோடு பெயர்த்த மண்கட்டிகளைச் சுவராக அடுக்கி, மேலே நீளப் புல் வேய்ந்து குடியிருந்தார்கள். அதற்கு 'வைக்கோல் ஊர்' என்றே பேர். அயோவாக் குளிர் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும், செல்வி. அந்த மண் குழிக்குள் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு ஒரு தாய் எப்படித்தான் ராத்திரியைக் கழித்திருப்பாள்!

ஸ்கோல்ட்டேயின் மனைவி மரியா வசதியாக வாழ்ந்து பழகியவர். ஆசையாகக் கட்டிக்கொண்டு வந்த டெல்ஃப்ட் என்ற டச்சு ஊரின் பீங்கான்களைத் திறந்து பார்த்தால், பெரும்பாலும் உடைந்து கிடந்தனவாம். அழுதிருக்கிறார். பிறகு அந்தச் சில்லுகளையே வீட்டுக்கு முன்னால் நடைபாதையாகப் பதித்தார் என்று சொல்கிறார்கள். கணவர் அவருக்காகக் கட்டிய வீடு இன்றும் அருங்காட்சியகமாக இருக்கிறது.

ஊரை உருவாக்கியவர் என்று ஸ்கோல்ட்டேயைத்தான் சொல்கிறோம். நிலம் வாங்கியது, ஆட்களைத் திரட்டியது எல்லாம் அவர்தான்; சரி. ஆனால் அவரை நம்பிக் கடல் தாண்டி வந்த பெண்களையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மே மாதம் டுலிப் விழா. அப்போது வரப் பார். அந்த வீட்டு வாசலில் உன்னோடு ஒருமுறை நிற்கவேண்டும்.

அன்புடன்,
கலா