நீ அனுப்புன நீலப் பந்து

தண்டையார்பேட்டை,
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள தம்பிக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்க எல்லாரும் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு. போன்ல எல்லாத்தையும் சொல்ல முடியல, நைனா பக்கத்துலயே உக்காந்து என் வாயையே பாத்துட்டிருக்காரு. அதான் இந்தக் கடுதாசி.

சிங்கப்பூர்லருந்து நீ அனுப்புன நீல ஜெல் பந்தை நைனா அமுக்குறாரான்னு மூணு தடவ கேட்டுட்ட. மூணு தடவையும் பேச்ச மாத்திட்டேன். கோச்சுக்காத, அத எதிர்வீட்டுப் பையனுக்குக் குடுத்துட்டேன்.

பக்கவாதம் வந்து கை இழுத்துக்கிட்ட நைனாவ ஆஸ்பத்திரியில டிஸ்சார்ஜ் பண்றப்ப "எக்சர்சைஸ் பண்ணணும்மா"ன்னு ஒத்த வார்த்த. எந்த எக்சர்சைஸ்னு வாயத் தெறக்குறதுக்குள்ள அடுத்த டோக்கனக் கூப்பிட்டுட்டாங்க. அப்பதான் உன் பந்து வந்துச்சு. ரெண்டு வாரம், காலைல நூறு, சாயங்காலம் நூறு, அமுக்குங்க அமுக்குங்கன்னு உசுர வாங்கினேன். கை என்னடான்னா இன்னும் இறுகிப் போச்சு. நகம் உள்ளங்கையில குத்தி ரத்தம் கட்டிடுச்சு. நகம் வெட்ட விரல ஒவ்வொண்ணா பிரிக்கிறதுக்குள்ள அவருக்கும் கண்ணுல தண்ணி, எனக்கும்.

கவர்மெண்டோட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல ஒரு பிசியோ பொண்ணு வீட்டுக்கே வருது. அது பந்தப் பாத்த ஒடனே சொல்லிச்சு: "அம்மா, அப்பாவுக்கு மூடுறதுல கோளாறே இல்ல. தெறக்குறதுலதான். மூடுற பக்கத்துக்கே தீனி போட்டுட்டிருக்கீங்க." எதிர்வீட்டுப் பையன் வியாசர்பாடில புட்பால் ஆடி மணிக்கட்ட ஒடச்சுக்கிட்டு, கட்டுப் பிரிச்சு கை குச்சியாட்டம் கெடந்தான். அவனுக்கு அமுக்குறதுதான் வைத்தியமாம். உன் காசு வீணாப் போகல.

அப்புறம் அந்தப் பொண்ணு ஒரு பலூன ஊதி அவர் மடியில போட்டுச்சு. நான் கூட சிரிச்சேன், பொறந்த நாளாடின்னு. ஆனா ரெண்டு கையையும் கோத்துக்கிட்டு, நல்ல கை கெட்ட கையக் கூட்டிட்டுப் போற மாதிரி தட்டினாரு பாரு! பலூன் மெதுவா எழும்பி மெதுவா எறங்குது. மூளை சேதி அனுப்பி, கை அத வாங்கி, தோள் நகர்ந்து, எல்லாத்துக்கும் நேரம் இருக்கு. லேசா இருந்தாப் போதும்னு நெனச்சு நடுவுல டேபிள் டென்னிஸ் பந்து வாங்கிப் பாத்தேன். 2.7 கிராம்தான், ஆனா கண்ணு புடிக்கிறதுக்குள்ள கட்டிலுக்கடியில. எடை கொறஞ்சா மட்டும் பத்தாது, ஒடம்பும் பெருசா இருக்கணும், அப்பதான் காத்து புடிச்சு நிறுத்தும்.

மூணாம் நாளே பலூன் பேன்ல மாட்டி வெடிச்சுது. அந்தச் சத்தத்துக்கு அவர் கை விருட்டுன்னு நெஞ்சுக்கு ஏறி அப்படியே முறுக்கிக்கிச்சு, எறங்க கால் மணி நேரம். அன்னிக்கு ராத்திரி மிஷின்ல உக்காந்தேன். உன் அம்மா இருபத்தஞ்சு வருஷம் ஜாக்கெட் தெச்சவ, ஒரு பந்துக்கு உறை தெக்க மாட்டேனா? 10 அங்குலத்துக்கு ஊதின பலூனுக்குச் சுத்தளவு 31½. ஆறு இதழ், நடுவுல 5¼, நீளம் 15¾, தையலுக்குக் கால் அங்குலம் தனியா. அவரோட பழைய கட்டம்போட்ட லுங்கியில வெட்டினேன். ஒரு ஓரத்துல மட்டும் தையல் விட்டு, அது வழியா பலூன உள்ள திணிச்சு உள்ளயே ஊதுறது. இப்ப வெடிச்சாலும் புஸ்ஸுனு ஒரு சத்தம், அவ்வளவுதான். துணி எடை சேந்ததால இஷ்டத்துக்கு அலையாம நேரா வருது. பிசியோ பொண்ணு அவ பாக்குற மத்த வீடுங்களுக்குன்னு நாலு கேட்டு வாங்கிட்டுப் போனா. துணிக்குக் காசு குடுத்தா, நான் வாங்கல.

உனக்குத் தூளி கட்டின கொக்கி கூடத்துல இருக்கில்ல? அதுல இப்ப நைனாவோட பூப்பந்து தொங்குது. ஷட்டில்னு நெனச்சுக்காத, அது இறகு. இது அந்தக் காலத்துல அவர் டீம்ல ஆடின மஞ்சக் கம்பளிப் பந்து, 27லருந்து 30 கிராமுக்குள்ள இருக்கும். தஞ்சாவூர் அரண்மனையில ஆடின ஆட்டம்னு பீத்திக்குவாரே, அதேதான். பரண்ல ஒரு டப்பாவுல ரெண்டு கெடந்துது, ஒண்ணு பூச்சி அரிச்சது. காசிமேட்டுல தூண்டில் நரம்பு வாங்கிக் கட்டினேன். அடிச்சா போயிட்டு அதுவே திரும்பி வருது, குனிஞ்சு பொறுக்க ஆள் வேணாம். நெஞ்சு ஒசரத்துக்கு மேல கட்டக்கூடாது. அவருக்குத் தோள் மூட்டு கொஞ்சம் எறங்கியிருக்கு. நீ வந்தாலும் பாசத்துல அந்தக் கையப் புடிச்சு இழுத்துத் தூக்கிடாத.

பழைய பேட்டு கனம். பசங்க ஆடுற பிளாஸ்டிக் பேட்டுதான் இப்போ. அதோட கைப்பிடி ஒல்லி, அவர் விரலுக்கு அகப்படல. கீழ்வீட்டு ஏசி மெக்கானிக்கு காப்பர் பைப்புக்கு மாட்டுற கறுப்பு நுரைக் குழாய் ஒரு சாண் குடுத்தான். மாட்டினா கைக்கு மெத்துனு தடியா ஆயிடுச்சு. பேட்டு நழுவாம இருக்க ஒரு கையுறையும் தெச்சேன், விரல் மேல மடங்கி மணிக்கட்டுல வெல்க்ரோவுல ஒட்டுற மாதிரி. மொதல்ல ஒரு தப்பு பண்ணிட்டேன். வெல்க்ரோவோட சொரசொரப்புப் பக்கம் ஓரத்துல கொஞ்சம் உள்ள திரும்பி நின்னுச்சு. அவருக்கு அங்க உணர்ச்சி கம்மி, சொல்லல. கழட்டிப் பாத்தா தோல் செவந்து கெடக்கு. இப்ப பத்து நிமிஷம், கழட்டு, தோலப் பாரு, அப்புறம்தான் மறுபடி.

ஒரு அதிசயம் சொல்றேன். பேருன்னு எதக் கேட்டாலும் நாக்கு பொரளல, என்னையே "அது… அது…"ங்கறாரு. ஆனா பந்து பேட்டுல பட்டா "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு கடகடன்னு வருது. எண்ணுறது, சாமி பாட்டு, கெட்ட வார்த்த, இதெல்லாம் பேச்சு போனவங்களுக்கும் பல பேருக்கு மிஞ்சுமாம். கெட்ட வார்த்த மிஞ்சினது எனக்கு மொத நாளே தெரியும். 29 வந்ததும் நிறுத்திடுறாரு. ஏன்னு யோசிச்சேன். அவர் ஆடின காலத்துல பூப்பந்துல ஒரு கேமுக்கு 29 பாயிண்ட்டு. 30 சொல்லுங்கன்னா மொறைக்கிறாரு.

ஆனா கையுறை போட்டா விரல் மூடியேதான இருக்கு? அதையும் அந்தப் பொண்ணுதான் சொல்லிச்சு, "அடிக்கிறது தோளுக்கு, விரலுக்கு வேற வேணும்"னு. போச்சியான்னு ஒரு ஆட்டமாம். "எது போச்சு?"ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே செல்லுல காட்டிச்சு. 1984லருந்து பாராலிம்பிக்ஸ்ல இருக்காம். வீல்சேர்ல உக்காந்தே ஆடுறாங்க. எறிய முடியாதவங்களுக்கு ஒரு சரிவுப் பலகை, அதுல பந்த உருட்டி விடலாம்.

பிளம்பர்கிட்ட நாலு அங்குல பிவிசி பைப்பு மிச்சம் இருந்துது. நீளவாக்குல ரெண்டா அறுத்துக் குடுத்தான். ஒரு முனை ஸ்டூல் மேல, ஒரு முனை தரையில. பந்து நான் தெச்சது, பழைய ஜீன்ஸ் துணி. அசல் பந்து 275 கிராமாம், நான் 100ல ஆரம்பிச்சேன். உள்ள பச்சப்பயறு போட்டது என் புத்திகெட்டதனம், எலி ஒரே ராத்திரில மூணு பந்தக் காலி பண்ணிடுச்சு. இப்ப புளியங்கொட்டை. எலி சீண்டல.

பந்து மேல உச்சியில இருக்கும், அத அவர் கை பொத்திக்கிட்டிருக்கும். விரல விட்டாத்தான் உருளும். மொத நாள் நாப்பது நிமிஷம் ஒண்ணுமே நடக்கல. நான் சமையலுக்கு எழுந்து போயிட்டேன். இப்ப அப்படி இல்ல. மூச்ச வெளிய விடுறப்ப சுண்டுவிரல் மொதல்ல எழும்புது, அப்புறம் மோதிர விரல், பந்து கொஞ்சம் அசையுது, ஆள்காட்டி விரல் லேசா தள்ளுது. கடகடன்னு பைப்புல எறங்கி வராண்டாவுல ஓடுது. கட்ட வெரல் மட்டும் இன்னும் அசைய மாட்டேங்குது. சாயங்காலத்துல கேரம் ஆடுற பசங்க நாலு பேரு போர்ட விட்டுட்டு இங்க வந்துடறானுங்க. நேத்து நைனாகிட்ட ரெண்டு ஆட்டம் தோத்தானுங்க. வேணும்னு தோத்தானுங்களான்னு எனக்கு ஒரு சந்தேகம், அவருக்கு இல்ல.

இனிமே பந்து எதுவும் அனுப்பாத. வெல்க்ரோ வேணும். பாரிமுனையில வாங்கினது நாலு தோச்சலுக்கு மேல ஒட்ட மாட்டேங்குது. ரெண்டு அங்குல அகலம், கறுப்பு, மூணு மீட்டர். மெத்துப் பக்கம் தனி, சொரசொரப்புப் பக்கம் தனின்னு ரெண்டு சுருளா வரும், ரெண்டையும் கேட்டு வாங்கு.

இப்படிக்கு,
அம்மா